அமானிதமா, கடனா, பங்கா? சென்னையின் பழைய வீழ்ச்சியொன்று நமக்குச் சொல்வது

1906ஆம் ஆண்டு அக்டோபர் 22, திங்கட்கிழமை. இன்று ராஜாஜி சாலை எனப்படும் சென்னைக் கடற்கரைச் சாலையில் இயங்கிவந்த அர்பத்நாட் அண்ட் கம்பெனி, தன்னால் கடன்களைத் திருப்பித் தர இயலாது என்று அறிவித்தது. 1810இல் வேறொரு பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. பாரி, பின்னி, அர்பத்நாட் ஆகிய மூன்றும் அந்நாளில் சென்னையின் மாபெரும் ஆங்கிலேய வணிக நிறுவனங்கள். அவற்றுள் மிக உறுதியானது எது என்று கேட்டிருந்தால், ஊரார் அர்பத்நாட்டின் பெயரையே சொல்லியிருப்பார்கள். அதன் தலைவர் அரசிடம் ‘சர்’ பட்டம் பெற்றவர். அத்தகைய பெயரை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தங்கள் சேமிப்பை அங்கே வைத்திருந்தன. ஒரே நாளில் அந்தச் சேமிப்பு காகிதமாயிற்று.

நம் பிள்ளைகள் பலர் இன்று ராயப்பேட்டை நியூ காலேஜிலும் தேனாம்பேட்டை பஷீர் அகமது சயீத் மகளிர் கல்லூரியிலும் வணிகவியலும் மேலாண்மையும் பயில்கின்றனர். அவர்களுடைய பாடநூலில் ‘கார்ப்பரேட் ஃபைனான்ஸ்’ என்னும் நிறுவன நிதியியல் ஒரு முக்கியமான தாள். மூலதனக் கட்டமைப்பு, லெவரேஜ், நீர்மைத் தன்மை, வரையறுக்கப்பட்ட பொறுப்பு என்று அதில் வரும் சொற்களைத் தேர்வுக்காக மனனம் செய்துவிட்டு மறந்துவிடுவோரே அதிகம். ஆனால் இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் நம் ஊரிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால், நம் வீட்டுப் பணத்தை யாரிடம், எந்த நிபந்தனையில் கொடுக்கிறோம் என்பதை மார்க்கம் ஏன் இவ்வளவு நுணுக்கமாகக் கேட்கிறது என்பதும் விளங்கும்.

பணம் கைமாறும் மூன்று வழிகள்

முதலில் மார்க்கச் சட்டத்தின் அடிப்படையைப் பார்த்துவிடுவோம். நம் பணம் இன்னொருவர் கைக்குப் போகும்போது அது மூன்றில் ஒன்றாக இருக்கும்.

ஒன்று, அமானிதம். பொருளைப் பாதுகாக்கக் கொடுக்கிறோம். பெற்றுக்கொண்டவர் அதைப் பயன்படுத்தக் கூடாது. அவருடைய கவனக்குறைவு இல்லாமல் அது தொலைந்தால் அவர் ஈடு தர வேண்டியதில்லை.

இரண்டு, கடன். பெற்றவர் அதைத் தம் விருப்பப்படி பயன்படுத்தலாம். ஆனால் அவருக்கு இலாபம் வந்தாலும் நட்டம் வந்தாலும் வாங்கிய தொகையைத் திருப்பித் தந்தே ஆக வேண்டும். கொடுத்தவர் அதற்கு மேல் எதையும் நிபந்தனையாகக் கேட்கக் கூடாது.

மூன்று, பங்கு. முளாரபாவிலும் முஷாரகாவிலும் பணம் வணிகத்தில் இறங்குகிறது. இலாபம் பேசிக்கொண்ட விகிதப்படி பிரியும். நட்டம் மூலதனம் போட்டவர்களைச் சேரும். முளாரபாவில் உழைப்பவருக்கு அவருடைய உழைப்பு நட்டமாகும். அவர் மோசடியோ அலட்சியமோ செய்திருந்தால் மட்டுமே முதலுக்கும் பொறுப்பாவார்.

இழப்பின் பொறுப்பைச் சுமப்பவருக்கே ஆதாயத்தின் உரிமை என்பது ஃபிக்ஹ் அறிஞர்கள் வகுத்த பொது விதி. நிறுவன நிதியியலின் அடித்தளமும் இதுவே. ஒரு நிறுவனத்தின் இருப்புநிலைக் குறிப்பை எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சொத்துகள். மறுபக்கம் அந்தச் சொத்துகளுக்கான பணம் வந்த வழிகள்: உரிமையாளரின் சொந்த முதல், பிறரிடம் பெற்ற கடன். நட்டம் வரும்போது முதலில் கரைவது சொந்த முதல். அது முழுவதும் கரைந்த பிறகே கடன் கொடுத்தவரின் பணத்தில் கை வைக்கப்படும். ஆகவே சொந்த முதல் என்பது கடன் கொடுத்தவருக்கு அரணாக நிற்கும் மதில். அந்த மதிலின் உயரம் என்ன என்று கேட்பதுதான் இந்தப் பாடம் முழுவதும்.

ஒரு ஸஹாபியின் கணக்கு

ஸஹீஹுல் புகாரியில் நீண்ட செய்தியொன்று இருக்கிறது. ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் கடன் பற்றியது. நிதியியல் மாணவர்கள் அதைப் பாடமாகவே படிக்கலாம்.

மக்கள் தங்கள் பணத்தை அமானிதமாக வைத்துக்கொள்ளுமாறு ஸுபைர் (ரலி) அவர்களிடம் கொண்டுவருவார்கள். அவர் அமானிதமாக ஏற்க மறுத்து, கடனாகத் தந்தால் பெற்றுக்கொள்வதாகச் சொல்வார். அமானிதமாக இருந்து தொலைந்துவிட்டால் கொடுத்தவருக்கு நட்டமாகிவிடுமே என்பது அவருடைய அச்சம். கடனாக வாங்கினால் பொறுப்பு தம் தலையில் இருக்கும். பணத்தைப் பயன்படுத்தும் உரிமையைப் பெற்றவர், அதற்கு ஈடாக முழுப் பொறுப்பையும் தாமே முன்வந்து ஏற்றார் என்பதைக் கவனியுங்கள்.

ஹிஜ்ரி 36இல் அவர் கொல்லப்பட்டபோது, அவருடைய மகன் அப்துல்லாஹ் (ரலி) கடனைக் கணக்கிட்டார். அது இருபத்திரண்டு இலட்சம். ரொக்கமாகத் தீனாரோ திர்ஹமோ இல்லை. மதீனாவில் வீடுகள், பஸ்ராவிலும் கூஃபாவிலும் மிஸ்ரிலும் வீடுகள், ‘அல்ஃகாபா’ என்னும் நிலம் ஆகியவை இருந்தன. அந்த நிலத்தை ஸுபைர் (ரலி) வாங்கியது ஒரு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு. அது பதினாறு இலட்சத்துக்கு விலைபோயிற்று. கடன்கள் தீர்ந்தன. வாரிசுகள் பங்கு கேட்டபோது அப்துல்லாஹ் (ரலி) உடனே பிரித்துக் கொடுத்துவிடவில்லை. தந்தையிடம் கடன் கொடுத்தவர் எவரேனும் இருந்தால் வரட்டும் என்று நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில் அறிவிப்புச் செய்தார். அதன் பிறகே சொத்தைப் பிரித்தார்.

இரண்டு முக்கியமான கருத்துகளுக்கு இடையிலான வேறுபாடு இங்கே தெளிவாகிறது. கையில் ரொக்கம் இல்லாமை ஒன்று. சொத்தைவிடக் கடன் மிகுந்திருத்தல் வேறொன்று. முன்னதை நீர்மைத் தட்டுப்பாடு என்றும், பின்னதை நொடிப்பு என்றும் சொல்வார்கள். ஸுபைர் (ரலி) அவர்களின் குடும்பத்தில் அன்று ரொக்கம் இல்லை. ஆனால் சொத்துகளின் மதிப்பு கடனைவிட மிக அதிகம். நிதானமாக விற்பதற்குக் காலம் கிடைத்ததும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டியது கிடைத்தது. மேலும், கடன் கொடுத்தவருக்குப் பிறகே உரிமையாளருக்கு என்ற வரிசை அங்கே கண்டிப்பாகக் காக்கப்பட்டது. இன்றைய திவால் சட்டங்களும் இந்த வரிசையைத்தான் பேசுகின்றன.

அர்பத்நாட்டில் நடந்தது என்ன?

இப்போது மீண்டும் 1906க்கு வருவோம். அர்பத்நாட் ஒரு கூட்டாண்மை நிறுவனம். கூட்டாளிகளின் பொறுப்புக்கு எல்லை கிடையாது. நிறுவனம் நொடித்தால் கூட்டாளிகளின் சொந்த வீடும் நிலமும் கடனுக்குப் போக வேண்டும். காகிதத்தில் பார்த்தால் பணம் வைத்தவருக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு இல்லை. அப்படியிருந்தும் பணம் ஏன் திரும்பி வரவில்லை?

முதற்காரணம், பணம் வைத்தவர்களுக்குத் தாங்கள் யார் என்பதே தெரியவில்லை. பெட்டியில் பத்திரமாக வைத்திருப்பதாகவே பலரும் எண்ணினர். அதாவது மனத்தளவில் அது அமானிதம். சட்டத்தின் பார்வையில் அவர்கள் ஈடு எதுவும் பெறாத கடன்காரர்கள். அவர்களுடைய பணமோ, லண்டனில் இருந்த கூட்டாளியின் வழியாகத் தொலைதூர நாடுகளின் ஊக முதலீடுகளில் இறங்கியிருந்தது. அதாவது நடைமுறையில் அது பங்கு முதல் சுமக்க வேண்டிய அபாயத்தைச் சுமந்தது. நட்டத்தில் பங்காளிகளைப் போல் அழிந்தார்கள். ஆனால் பங்காளிக்குரிய இலாபமோ, கணக்கைப் பார்க்கும் உரிமையோ அவர்களுக்கு ஒருநாளும் இருந்ததில்லை.

இரண்டாவது, சொந்த முதல் என்னும் மதிலின் உயரத்தை எவரும் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. கூட்டாண்மை என்பதால் கணக்குகளை வெளியிட வேண்டிய கடமை இல்லை. கட்டடம் பெரிதாக இருந்தது. பெயர் பெரிதாக இருந்தது. அவற்றையே ஊர் மதில் என்று நம்பிற்று.

லண்டன் கூட்டாளி மக்ஃபாடியன் அந்த நாட்களிலேயே ரயில் முன் பாய்ந்து உயிரை மாய்த்துக்கொண்டார். சென்னையில் சர் ஜார்ஜ் அர்பத்நாட் மீது வழக்கு நடந்து, அவருக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல் தண்டனை விதிக்கப்பட்டது. ஆங்கிலேயர் ஆட்சியில் ஓர் ஆங்கிலேய வணிகத் தலைவர் சிறை சென்றது பெரும் செய்தி. ஆயினும் அந்தத் தண்டனை எந்தக் கைம்பெண்ணின் சேமிப்பையும் திருப்பித் தரவில்லை.

லெவரேஜ்: இருபுறமும் வெட்டும் கத்தி

மாணவர்கள் கேட்கக்கூடும்: பிறர் பணத்தை வைத்து வணிகம் செய்ய ஏன் இவ்வளவு ஆவல்? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவரின் சொந்த முதல் 10 இலட்சம். பிறரிடம் 6 விழுக்காடு வட்டிக்கு வாங்கியது 90 இலட்சம். மொத்தம் ஒரு கோடியில் வணிகம். ஓராண்டில் 10 விழுக்காடு ஆதாயம் வந்தால் அது 10 இலட்சம். வட்டிக்கு 5 இலட்சத்து 40 ஆயிரம் போக, மீதி 4 இலட்சத்து 60 ஆயிரம் அவருக்கு. பத்து இலட்சம் போட்டவருக்கு இது 46 விழுக்காடு. கடன் என்னும் நெம்புகோல் 10 விழுக்காட்டை 46 ஆகத் தூக்கிவிட்டது. இதுவே லெவரேஜ்.

அதே ஆண்டில் 10 விழுக்காடு நட்டம் வந்திருந்தால்? பத்து இலட்சம் போயிற்று. வட்டி 5 இலட்சத்து 40 ஆயிரம் கட்ட வேண்டும். அவருடைய சொந்த முதல் முழுவதும் கரைந்த பிறகும் 5 இலட்சத்து 40 ஆயிரம் துண்டு விழுகிறது. அது கடன் கொடுத்தவர்கள் தலையில் விழுகிறது. ஆதாயம் மிகும்போது அது முழுவதும் உரிமையாளருக்கு. நட்டம் ஓர் எல்லையைத் தாண்டினால் அது பிறருக்கு. இந்த ஏற்பாட்டில் துணிந்து சூதாடும் ஆசை யாருக்கு வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடன் மலிவானது என்று பாடநூல் சொல்லும். அது ஏன் மலிவாகிறது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 1958இல் மோடிகிலியானி, மில்லர் என்னும் இரு பொருளியல் அறிஞர்கள் ஒரு கருத்தை நிறுவினர். வரி, திவால் செலவு போன்றவை இல்லாத தூய சந்தையில், கடனையும் பங்கையும் எந்த விகிதத்தில் கலந்தாலும் நிறுவனத்தின் மதிப்பு மாறாது. கடன் மலிவாகத் தோன்றும் அளவுக்கு, மீதியிருக்கும் பங்கு முதலின் அபாயம் ஏறிவிடும். நடைமுறையில் கடனுக்குக் கிடைக்கும் பெரிய சாதகம் வரிச் சட்டம் தருவது. வட்டியைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம். ஈவுத்தொகையை வரி கட்டிய பிறகே தர முடியும். ஆகவே வட்டியில்லாமல் தொழில் நடத்துவது இயற்கைக்கு மாறானது என்று வகுப்பில் யாரேனும் சொன்னால் நம் பிள்ளைகள் தயங்க வேண்டியதில்லை. அது பெரிதும் சட்டம் ஏற்படுத்திய சாய்வு. ஹலால் பங்கு முதலீட்டுக்கு நிறுவனங்களைச் சலித்தெடுக்கும் பல அமைப்புகள், ஒரு நிறுவனத்தின் வட்டிக் கடன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்று எல்லை வைத்திருக்கின்றன. அந்த எல்லையும் லெவரேஜைப் பற்றியதே.

மயிலாப்பூர் தந்த இரு விடைகள்

அர்பத்நாட் விழுந்தபோது கடன் கொடுத்தவர்களின் சார்பில் முன்னின்றவர் மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர். உள்ளூர் மக்களின் முதலில் உள்ளூர் மக்களே நடத்தும் வங்கி வேண்டும் என்று அவரும் நண்பர்களும் முயன்றனர். நகரத்தார் வணிகர்களின் ஆதரவும் சேர்ந்தது. 1907 மார்ச்சில் இந்தியன் வங்கி பதிவாகி, ஆகஸ்ட் 15 அன்று வேலையைத் தொடங்கியது.

அது கூட்டாண்மை அல்ல, பங்கு நிறுவனம். பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட பங்கின் அளவோடு நின்றுவிடும். இந்தியாவில் இத்தகைய வரையறுக்கப்பட்ட பொறுப்பு 1857இல் சட்டத்தில் நுழைந்தது. உரிமையாளரின் பொறுப்பைக் குறைத்தால் பணம் வைத்தவருக்குப் பாதுகாப்பு எப்படிக் கூடும் என்று தோன்றலாம். அதற்கு ஈடாகச் சட்டம் வேறு சிலவற்றைக் கேட்டது. பங்கு முதல் எவ்வளவு என்று ஊரறியச் சொல்ல வேண்டும். கணக்கு தணிக்கைக்கு உட்பட வேண்டும். ஆண்டுதோறும் பங்குதாரர் கூடிக் கேள்வி கேட்க வேண்டும். கணக்குத் தெரியாத எல்லையற்ற பொறுப்பைவிட, கணக்குத் தெரிந்த எல்லையுள்ள பொறுப்பு மேலானது என்பதே 1906 தந்த பாடம்.

அந்த வங்கியும் வட்டியில் நடப்பதுதான். அதை நாம் மார்க்க ரீதியில் சரி காணவில்லை. வரலாற்றுப் பாடம் என்ற அளவில் மட்டுமே பேசுகிறோம். 1969இல் நாட்டுடைமையான அதே வங்கி, 1995-96 நிதியாண்டில் ரூ.1,336 கோடி நட்டம் காட்டியது. கொடுத்த கடன்கள் திரும்பாததே காரணம். அரசு புதிதாக மூலதனம் போட்டு அதைத் தூக்கி நிறுத்தியது. பணம் வைத்தவர் எவரும் இழக்கவில்லை. மதில் இடிந்தபோது மக்களின் வரிப்பணத்தால் அதைத் திரும்பக் கட்டினார்கள். எந்த நிறுவனமும் ஒருமுறை கற்ற பாடத்தை என்றென்றும் நினைவில் வைத்திருப்பதில்லை என்பதற்கு இது சான்று.

மயிலாப்பூர் தந்த இன்னொரு விடை இதற்கும் பழையது. 1872இல் அங்கே ‘மயிலாப்பூர் இந்து பெர்மனன்ட் ஃபண்ட்’ தொடங்கியது. இத்தகைய நிறுவனங்களை ‘நிதி’ என்பார்கள். உறுப்பினரிடம் மட்டுமே பணம் வாங்கி, உறுப்பினருக்கு மட்டுமே கடன் கொடுப்பது இதன் விதி. தெருக்காரர் தெருக்காரரை அறிவார் என்பதே இதன் பலம். ஆனால் 2014ஆம் ஆண்டின் நிதி விதிகள் ஒரு நிதி தன் சொந்த முதலைப் போல் இருபது மடங்கு வரை வைப்புத்தொகை வாங்க அனுமதிக்கின்றன. ஒரு ரூபாய் சொந்த முதல், இருபது ரூபாய் பிறர் பணம். மொத்தம் இருபத்தொன்றில் ஐந்து விழுக்காடு நட்டமானாலே சொந்த முதல் மிச்சமிருக்காது. மதிலின் உயரம் அவ்வளவுதான். 2024இல், முதிர்ந்த வைப்புத்தொகைகள் திரும்பவில்லை என்று இந்தப் பழைய நிறுவனத்தின் உறுப்பினர்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் செய்தனர். அதன் நிர்வாக இயக்குநர் ஆகஸ்டில் கைதானார். குற்றம் யாருடையது என்பதைத் தீர்மானிக்க வேண்டியது நீதிமன்றம். நமக்கு வேண்டியது ஒன்றே: 150 ஆண்டு வயதும் தெருவெல்லாம் அறிந்த பெயரும் மதிலாகா.

தி.நகர்: நகைச்சீட்டும் கணக்கும்

அர்பத்நாட் விழுந்தபோது தி.நகர் என்று ஓர் இடமே இல்லை. அது ஏரியும் தோட்டமுமாகக் கிடந்தது. 1920களில் ஏரியைத் தூர்த்து நகரமாக்கினார்கள். அதன் பெருவீதிக்குச் சர் முகம்மது உஸ்மான் அவர்களின் பெயர் அமைந்தது. 1934இல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பேற்ற முஸ்லிம் தலைவர் அவர். இன்று உஸ்மான் சாலை என்றால் நகைக்கடை.

நம் வீட்டுப் பெண்கள் பலர் அங்கே மாதந்தோறும் நகைச்சீட்டுக் கட்டுகின்றனர். பெரும்பாலான சீட்டுகள் பதினொரு மாதத்தோடு முடிவதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் இருக்கிறது. பொருளுக்காக வாங்கிய முன்பணம் 365 நாட்களுக்குள் பொருளாக மாறாவிட்டால், நிறுவனச் சட்ட விதிகளின்படி அது வைப்புத்தொகை ஆகிவிடும். அப்போது கடுமையான கட்டுப்பாடுகள் வந்துவிடும். அதைத் தவிர்ப்பதற்கே பதினொரு மாதக் கணக்கு. மாதாமாதம் பணம் கட்டும் சகோதரி தம்மை வாடிக்கையாளர் என்று நினைக்கிறார். இருப்புநிலைக் குறிப்பில் அவர் ஈடில்லாத கடன்காரர். கடை மூடினால் வங்கிகள் முன்னே நிற்கும். அவர் வரிசையின் கடைசியில் நிற்பார். கடந்த சில ஆண்டுகளில் மூடிய கடைகளின் வாசலில் சீட்டு அட்டையோடு நின்றவர்களைச் சென்னை பார்த்திருக்கிறது.

1990களில் இதே வீதிகளில் ‘ஃபைனான்ஸ் கம்பெனி’கள் முளைத்தன. வங்கியைப் போல் இருமடங்கும் அதற்கு மேலும் வட்டி தருவதாக விளம்பரம் செய்தன. அவை வரிசையாக விழுந்த பிறகே, 1997இல் தமிழ்நாடு அரசு வைப்பீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. வங்கிகளுக்கு 1962இல் வைப்புக் காப்பீடு வந்தது. அன்று அதன் வரம்பு 1,500 ரூபாய். 2020 முதல் 5 இலட்சம். இந்தக் காப்பீடு நிதி நிறுவனங்களுக்கோ நகைச்சீட்டுக்கோ கிடையாது.

‘ஹலால்’ என்ற பெயரில்

மேலே கண்ட வீழ்ச்சிகளை வட்டியில் போனவர்களின் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. 2006இல், அர்பத்நாட் விழுந்து சரியாக நூறாண்டு கழித்து, பெங்களூரில் ஐ.எம்.ஏ. என்னும் நிறுவனம் தொடங்கப்பட்டது. வட்டியில்லாத ஹலால் முதலீடு என்று சொல்லி முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டியது. பணம் கொடுத்தவர்களைக் காகிதத்தில் பங்காளிகளாகவே சேர்த்தது. மாதந்தோறும் ‘இலாபம்’ வந்தது. 2019 ஜூனில் அதன் நிறுவனர் நாட்டைவிட்டு வெளியேறினார். பல்லாயிரம் பேர் காவல்துறையில் புகார் கொடுத்தனர். அடுத்த மாதமே அவர் தில்லியில் கைதானார். வழக்கு சிபிஐ வசம் சென்றது. மகளின் திருமணத்துக்கும், ஹஜ்ஜுக்கும், முதுமைக்கும் என்று சேர்த்தவை அதில் இருந்தன.

இங்கே நமக்கு ஒரு கேள்வி எழ வேண்டும். பங்காளிக்கு மாதாமாதம் முன்கூட்டியே சொன்ன தொகை எப்படிக் கிடைக்கும்? முளாரபாவில் மூலதனம் போட்டவருக்கு ஒரு குறிப்பிட்ட தொகையை உத்தரவாதம் செய்தால் அந்த ஒப்பந்தமே செல்லாது என்பதில் ஃபிக்ஹ் அறிஞர்கள் ஒன்றுபட்டிருக்கின்றனர். இந்த விதியை வெறும் வழிபாட்டு நுணுக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. உண்மையான வணிகத்தின் ஆதாயம் ஏறும், இறங்கும். சில மாதம் இல்லாமலும் போகும். ஏறாமல் இறங்காமல் வரும் ‘இலாபம்’ ஒன்று மறைமுக வட்டி, அல்லது பின்னால் வந்து சேர்ந்தவரின் பணம். வட்டி வேண்டாம் என்று வங்கியை விட்டு வெளியே வந்த நாம், “இலட்சத்துக்கு மாதம் மூவாயிரம்” என்று பேசும் கூட்டுத் தொழிலில் பணத்தைப் போட்டால், வட்டியிலிருந்தும் தப்பவில்லை, மதிலும் இல்லாமல் நிற்கிறோம்.

நாம் கேட்க வேண்டியவை

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளுமாறு கட்டளையிடும் பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே குர்ஆனின் மிக நீண்ட வசனம். எழுதுபவர் யார், வாசகம் சொல்பவர் யார், சாட்சிகள் யார் என்று அது விவரிக்கிறது. தொகை சிறிதானாலும் எழுதச் சலிப்படையாதீர்கள் என்கிறது. எழுத்துக் கேட்பது நம்பிக்கையின்மை ஆகாது. நம்மிடையே அது அவமதிப்பாகக் கருதப்படும் வழக்கம் மாற வேண்டும். ‘ஹாஜியாரிடம் போய்ப் பத்திரம் கேட்பதா?’ என்று தயங்குகிறவர்கள், எழுதச் சொன்னவன் யார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பணம் கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் போதும். முதலாவது, இது அமானிதமா, கடனா, பங்கா? பதில் ஒரே சொல்லில் வர வேண்டும். அது காகிதத்திலும் இருக்க வேண்டும். இரண்டாவது, நட்டம் வந்தால் யாருடைய பணம் முதலில் போகும், அது எவ்வளவு? நடத்துபவர் தம் முதலை எவ்வளவு போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். இதுவரை எந்த மாதமாவது ஆதாயம் குறைந்ததா என்றும் கேளுங்கள். மூன்றாவது, கணக்கை யார் பார்க்கிறார்கள்? பதிவான நிறுவனமாக இருந்தால், அதன் தணிக்கை செய்த கணக்கை நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணத்துக்கு எவரும் எடுக்கலாம். பொதுமக்களிடம் வைப்புத்தொகை பெற அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளத்தில் பார்க்கலாம்.

இங்கேதான் நம் வணிகவியல் மாணவர்களின் கடமை வருகிறது. ஒவ்வொரு மஹல்லாவிலும் இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தெரிந்த இளைஞர் நான்கு பேராவது இருப்பார்கள். பட்டம் வேலைக்கு மட்டும் என்று இராமல், தொழுகைக்குப் பின் ஒரு பெரியவரின் ஒப்பந்தத்தை வாங்கிப் படித்து, இது கடன், இது பங்கு என்று பிரித்துச் சொல்ல அவர்கள் முன்வர வேண்டும். உண்மையான முளாரபா நம்மிடையே வளர வேண்டுமானால், கணக்கைத் திறந்து காட்டும் வணிகரும், கணக்கைப் படிக்கத் தெரிந்த முதலீட்டாளரும் வேண்டும். இருவரில் ஒருவர் இல்லாவிட்டாலும் அந்தப் பெயர் வெறும் பெயராகவே இருக்கும்.

ஸுபைர் (ரலி) அவர்களின் மகன் நான்கு ஹஜ்ஜுக் காலம் நின்று, தந்தையிடம் கடன் கொடுத்தவர் வாருங்கள் என்று அழைத்தார். பிறர் பணத்தைக் கையில் வாங்கிய ஒவ்வொருவருக்கும் அதுவே அளவுகோல். கொடுக்கும்போது தெளிவையும், வாங்கும்போது பொறுப்பையும், கணக்கில் நேர்மையையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.